எல்லையில் நிற்கும் கீரைக்கட்டு

தாப்பா பட்டணத்தை விட்டு மலைப்பாதையில் ஏறினால் ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் தானா ராத்தா வந்துவிடும். வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டும் பாதைதான். ஆனாலும் லாத்தா இஸ்கந்தர் நீர்வீழ்ச்சி அருகே இறங்கி முகம் கழுவிக்கொண்டால் பாதிக் களைப்பு பறந்துவிடும். ரிங்லெட்டைத் தாண்டியதும் காற்றில் குளிர் ஏறும். அதற்கு மேலே போகப் போக, மலைச்சரிவுகளில் படிப்படியாகப் பச்சைப் பாத்திகள் தெரியும். பிளாஸ்டிக் கூரை போட்ட கொட்டகைகளும் வெயிலில் பளபளக்கும்.

கேமரன் மலைக்கு நம்மில் பலர் போயிருக்கிறோம். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்தப் பக்கம் வந்ததால் அவர் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தில் நின்று படம் பிடித்துக்கொள்வோம். பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயிலில் கும்பிடுவோம். ஸ்ட்ராபெரியும் சோளமும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவோம்.

இந்தத் தடவை வேறுவிதமாக ஒரு பயணம் போவோம், வாருங்கள். நமக்குத் துணை ஒரு கீரைக்கட்டு. அது மலையை விட்டு இறங்கி, நாட்டு எல்லையைத் தாண்டிப் போகிறது. வழியில் அதை யார் நிறுத்துகிறார்கள், ஏன் நிறுத்துகிறார்கள் என்று பார்ப்போம். ‘கீரைக்குக்கூடச் சட்டமா?’ என்று நீங்கள் சிரிக்கலாம். பால்மரத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு அந்தச் சட்டத்தில் எவ்வளவு பெரிய பங்கு இருக்கிறது என்று தெரிந்தால் சிரிப்பு நின்றுவிடும்.

மலையிலிருந்து பாலம் வரை

பிரிஞ்சாங், கேயா ஃபார்ம், கம்போங் ராஜா பக்கத்துத் தோட்டங்களில் முட்டைக்கோஸ், சாவி, கைலான், சாலட் இலை, தக்காளி எல்லாம் விளைகின்றன. அறுத்த இலையைத் தரம் பிரித்து, பழுத்ததைக் கிள்ளி எறிந்து, கூடைகளிலும் அட்டைப் பெட்டிகளிலும் அடுக்குகிறார்கள். பொழுது சாயும் நேரத்தில் லோரிகள் இறங்கத் தொடங்கும். வெயிலில் வாடிவிடும் சரக்கு என்பதால் இரவே அதற்குத் தோதான நேரம்.

1994இல் முழுமையடைந்த வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வழியாக ஜொகூர்பாரு போய்ச் சேர 500 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். நாம் படுத்து எழுவதற்குள் கீரை அந்தத் தூரத்தைக் கடந்துவிடுகிறது. பிறகு வருவது 1 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளமுள்ள ஜொகூர் பாலம். 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட அந்தப் பாலத்தையும், 1998இல் திறக்கப்பட்ட துவாஸ் இரண்டாம் பாலத்தையும் கடந்துதான் நம் நாட்டுக் காய்கறி சிங்கப்பூர் அடுப்புக்குப் போகிறது. சிங்கப்பூர் தன் உணவில் 10இல் 9 பங்குக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் ஊர். நம் மலைக்கீரை ஒரு நாள் வராவிட்டால் அங்குள்ள பாசாரில் உடனே தெரிந்துவிடும்.

லோரி கிளம்பும் முன்பே பெட்டிகளுக்குச் சில விதிகள் உண்டு. ‘ஃபாமா’ என்று நாம் சொல்லும் விவசாயச் சந்தை வாரியத்தின் 2008ஆம் ஆண்டு விதிப்படி சரக்கைத் தரம் பிரித்துக் கட்டி, மேலே சீட்டு ஒட்ட வேண்டும். யார் விளைவித்தது, எந்த ஊர், என்ன சரக்கு என்பது பெட்டியிலேயே தெரிய வேண்டும். சிங்கப்பூர்ப் பக்கத்தில் வியாபாரிக்கு உரிமம் வேண்டும். ஒவ்வொரு சரக்குக்கும் அனுமதிச் சீட்டும் வேண்டும். இதைக் கவனிப்பது 2019 ஏப்ரலில் அமைந்த சிங்கப்பூர் உணவு அமைப்பு. அவர்கள் சில பெட்டிகளிலிருந்து இலைகளை எடுத்துப் பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். அளவு மீறியிருந்தால் சரக்கு போச்சு.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மருந்து அதிகமா என்று பார்ப்பது சாப்பிடுகிற மனிதருக்காக. இலையில் பூச்சி, பூஞ்சை, முட்டை இருக்கிறதா என்று பார்ப்பது செடிகளுக்காக. முதல் சோதனையில் தவறினால் ஒரு வீட்டில் வயிற்றுக்கோளாறு வரலாம். இரண்டாவதில் தவறினால் ஒரு நாட்டின் பயிரே போகலாம். இரண்டாவது சோதனைக்குத்தான் ‘செடிநலச் சோதனை’ என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இலையின் அடிப்பக்கம்

சோதனை செய்கிறவர் ஒரு கீரைக்கட்டை எடுத்ததும் இலையைத் திருப்புவார். நம் வீட்டுப் பெண்கள் முருங்கைக்கீரை ஆயும்போது செய்வார்களே, அதே மாதிரிதான். பூச்சிகள் வெயிலுக்கும் மழைக்கும் பயந்து அடிப்பக்கத்தில் ஒளிந்திருக்கும். வெள்ளை ஈயின் முட்டை அங்கேதான் இருக்கும். இலைமேல் வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து போயிருந்தால், உள்ளே ஒரு சிறு புழு இலையைக் குடைந்துகொண்டு போயிருக்கிறது என்று அர்த்தம். நுண்ணிய இலைப்பேன்கள் நரம்போரம் பதுங்கியிருக்கும். வெள்ளைத் தாளில் தட்டினால் உதிரும்.

வேரில் மண் ஒட்டியிருந்தால் இன்னும் கெடுதல். ஒரு பிடி மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நூற்புழுவும் பூஞ்சை வித்தும் இருக்கலாம். பல நாடுகள் மண்ணை அறவே உள்ளே விடுவதில்லை. வேரை வெட்டி, கழுவி, தண்டும் இலையுமாகக் கொண்டுவரச் சொல்வது அதனால்தான்.

இந்தச் சோதனை ஒழுங்காக நடக்க நாடுகளுக்குள் ஓர் உடன்பாடு இருக்கிறது. 1951இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட அனைத்துலகத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கைதான் அது. ரோமாபுரியில் உள்ள ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் அதைக் கவனித்து வருகிறது. அதன்படி செடிக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. நமக்குக் கடப்பிதழ் எப்படியோ அப்படி.

முறை இதுதான். சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டில் முதலில் இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். என்னென்ன நிபந்தனை என்று அந்த அனுமதியில் எழுதியிருக்கும். பிறகு, அனுப்புகிற நாட்டின் விவசாயத் துறை அதிகாரி சரக்கைப் பார்த்து, ‘இன்ன செடி, இவ்வளவு எடை, இன்ன இடத்தில் விளைந்தது, தடுக்கப்பட்ட பூச்சி நோய் எதுவும் இல்லை’ என்று சான்று கொடுப்பார். சரக்கு இறங்கியதும் அங்குள்ள அதிகாரி மறுபடி பார்ப்பார். நல்லதாக இருந்தால் விடுவார். சந்தேகம் என்றால் புகை போட்டுப் பூச்சியைக் கொல்லச் சொல்லலாம், திருப்பி அனுப்பலாம், அங்கேயே அழித்தும் விடலாம்.

நம் நாட்டில் இதற்கு 1976ஆம் ஆண்டுச் செடித் தனிமைப்படுத்தல் சட்டமும், 1981ஆம் ஆண்டு விதிகளும் இருக்கின்றன. 2011இல் ‘மாக்கிஸ்’ என்ற தனித்துறைக்கான சட்டமும் வந்தது. அந்தச் சட்டப்படி, அனுமதியில்லாமல் செடியையோ விளைபொருளையோ கொண்டுவந்தால் 1 லட்சம் வெள்ளி வரை அபராதமும் 6 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். ஒரு கட்டு இலைக்கு இவ்வளவு கடுமையா என்று கேட்பீர்கள். பதில் நம் முன்னோர் வாழ்ந்த தோட்டங்களிலேயே இருக்கிறது.

காப்பிக் காட்டில் விழுந்த இடி

இலங்கை மலைநாடு இன்று தேயிலைக்குப் பெயர் பெற்றது. ஆனால் நம் தமிழ் மக்கள் மன்னார் வழியாகக் கால்நடையாகப் போய் முதலில் உழைத்தது காப்பித் தோட்டங்களில். 1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் காப்பி இலையின் அடியில் மஞ்சளும் செம்மஞ்சளுமாகத் துருப்போல ஒரு தூள் காணப்பட்டது. யாரும் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது ஒரு பூஞ்சை. தூள் முழுவதும் அதன் வித்துகள். காற்றில் பறந்தது, கூலியாள் சட்டையில் ஒட்டியது, கூடையில் ஏறியது. இலை உதிர்ந்த மரம் காய்க்குமா? இருபது ஆண்டுக்குள் இலங்கைக் காப்பித் தொழில் படுத்துவிட்டது. துரைமார் சிலர் கடனாளியானார்கள். உழைத்தவர்கள் வேலையில்லாமல் திரும்பி நடந்தார்கள். மிச்சமிருந்த மலைகளில் காப்பியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள். அந்தத் தேயிலைச் செடியின் அடியில் ஒரு காப்பிச் செடியின் கதை புதைந்திருக்கிறது.

அந்தக் காலத்தில் எல்லையில் இலையைத் திருப்பிப் பார்க்க ஆள் கிடையாது. பிரான்ஸ் நாட்டுத் திராட்சைத் தோட்டங்களை அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சி அழித்த பிறகுதான், 1878இல் சில ஐரோப்பிய நாடுகள் பெர்ன் நகரில் கூடி முதன்முதலாக ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பட்ட பிறகுதான் புத்தி வந்தது.

பால்மரத்துக்கு வராத நோய்

இனி நம் சொந்தக் கதைக்கு வருவோம். கோலகங்சாரில் ஒரு முதிய ரப்பர் மரம் இன்னும் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளை அழைத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயின. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. நம் பாட்டன் பாட்டிமார் விடியற்காலையில் வெட்டிய மரங்களுக்கு மூத்த தலைமுறை இதுதான்.

இதில் ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. பிரேசில் காட்டில் ரப்பர் மரத்துக்கு ஒரு பரம எதிரி உண்டு. தென்னமெரிக்க இலைக்கருகல் என்று அதற்குப் பெயர். பூஞ்சை நோய்தான். இளந்தளிரைப் பிடிக்கும், தளிர் கருகி உதிரும், மறுபடி துளிர்த்தால் மறுபடி கருகும், கடைசியில் மரமே சாகும். விக்கம் கொண்டுவந்தது விதை. இலையும் கிளையும் வரவில்லை. விதை முளைத்ததும் கடல்கடந்த ஓர் ஊரில். எதிரி பின்னாலேயே தங்கிவிட்டான்.

அவன் எப்படிப்பட்டவன் என்று பார்க்க வேண்டுமானால் ஹென்றி ஃபோர்டின் கதையைக் கேளுங்கள். மோட்டார் வண்டி செய்த அதே ஃபோர்டு. டயருக்கு நம் பக்கத்து ரப்பரை நம்பியிருக்கக் கூடாது என்று 1928இல் பிரேசிலில் தப்பஜோஸ் ஆற்றோரம் பெரிய காட்டை வெட்டித் தோட்டம் போட்டார். ஃபோர்டுலாந்தியா என்று பெயர். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குழாய்த் தண்ணீர் எல்லாம் வைத்தார். பணம் ஆறாய் ஓடியது. காட்டில் ஒன்று இங்கே ஒன்று அங்கே என நின்ற மரங்களை வரிசையாக நெருக்கி நட்டதும், இலைக்கருகல் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவியது. 1934இல் பெல்தெர்ரா என்ற வேறோர் இடத்துக்கு மாறிப் பார்த்தார்கள். அங்கேயும் வந்தது. 1945இல் எல்லாவற்றையும் பிரேசில் அரசுக்கே கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

ரப்பர் பிறந்த மண்ணில் ரப்பர்த் தோட்டம் போட முடியவில்லை. இன்று உலகத்தின் இயற்கை ரப்பரில் ஏறத்தாழ 10இல் 9 பங்கு நம் ஆசியாவில்தான் கிடைக்கிறது. அந்த நோய் இன்னும் இங்கே வரவில்லை என்பதே அதற்குப் பெரிய காரணம். தைகளை வரிசையாக நெருக்கி நட்டிருக்கும் நம் தோட்டங்களில் அது நுழைந்தால் ஃபோர்டுலாந்தியா கதைதான்.

அதனால்தான் 1956இல் தென்கிழக்காசிய, பசிபிக் நாடுகள் செய்துகொண்ட தாவரப் பாதுகாப்பு உடன்பாட்டில் இந்த ஒரு நோயின் பெயரைச் சொல்லியே தனியாக விதி எழுதினார்கள். அமெரிக்க வெப்பமண்டல நாடுகளிலிருந்து வரும் செடிகளுக்குத் தனிக் கெடுபிடி. ரப்பர் தோட்டமே இல்லாத சிங்கப்பூர்கூட, அந்த நோயுள்ள நாடுகளிலிருந்து காய்கறி பழம் வந்தால் செடிநலச் சான்றிதழ் கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் கூரைக்கும் சேர்த்துக் காவல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. லயத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. இருந்தாலும் பால்மரம் இன்னும் ஆயிரமாயிரம் சிறு தோட்டக்காரர்களுக்குச் சோறு போடுகிறது. அவர்களுக்கும் அந்த நோய்க்கும் நடுவே நிற்பது கடலும், விமான நிலையத்து மேசைக்குப் பின்னால் நிற்கும் அதிகாரியும்தான்.

கறிவேப்பிலை செய்த குற்றம் என்ன?

நம் சமையலுக்கு மிக நெருங்கிய ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ மகனோ மகளோ இருந்தால், பெட்டி கட்டும்போது ஒரு பிடி கறிவேப்பிலை வைக்கத் தாய்க்கு ஆசை வராமல் இருக்குமா? ஆனால் அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோகக் கூடாது. விமான நிலையத்திலேயே பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.

கறிவேப்பிலை நல்ல பிள்ளைதான். அதனிடம் குடியிருக்க வரும் விருந்தாளிதான் பொல்லாதவன். 3, 4 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சாறுண்ணிப் பூச்சி அது. தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கிக்கொண்டு தளிரில் உட்கார்ந்திருக்கும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஆரஞ்சும் ஒரே குடும்பம் என்பதால் அந்தப் பூச்சிக்கு மூன்றும் பிடிக்கும். அது ஆரஞ்சு மரத்தில் சாறு குடிக்கும்போது ‘பசுமை நோய்’ என்னும் கிருமியை ஏற்றிவிடும். இலை மஞ்சளாகும், பழம் சிறுத்துக் கசக்கும், மரம் மெல்ல மெல்லச் சாகும். மருந்து கிடையாது.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அந்தப் பூச்சி 1998இல் தென்பட்டது. நோய் 2005இல் கண்டுபிடிக்கப்பட்டது. 2003, 2004 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு பறித்த மாநிலம் அது. இருபதே ஆண்டில், 2023, 2024 பருவத்தில், 2 கோடிப் பெட்டிகூடத் தேறவில்லை. புயலும் ஒரு காரணம்தான். ஆனால் மரத்தின் உயிரைக் குடித்தது இந்த நோய். நம் நாட்டு ஆரஞ்சுத் தோட்டங்களும் இதே நோயால் அடிபட்டிருக்கின்றன.

ஐரோப்பியர்களும் இப்படித்தான் விழித்துக்கொண்டார்கள். 2013இல் இந்தியாவிலிருந்து போன சரக்குகளில் 207இல் பழ ஈ போன்ற பூச்சிகள் இருந்தன. 2014 மே 1 முதல் மாம்பழம், கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகிய ஐந்தையும் நிறுத்திவிட்டார்கள். லண்டன் தமிழர் கடைகளில் சேப்பிலையும் புடலங்காயும் காணாமல் போயின. இந்தியாவில் கட்டும் இடத்தைச் சீராக்கிய பிறகு 2015இல் மாம்பழத்துக்கு மட்டும் முதலில் கதவு திறந்தது.

2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணி பையில் கொண்டுபோகும் கீரைக்கும் சான்றிதழ் வேண்டும். ஐந்தே பழங்களுக்கு மட்டும் விலக்கு: அன்னாசி, தேங்காய், டுரியான், வாழைப்பழம், பேரீச்சை. நம் டுரியானுக்கு ஐரோப்பாவில் இவ்வளவு மரியாதையா என்று வியக்காதீர்கள். விமானக் கம்பெனிக்காரர் அதை உள்ளே விட வேண்டுமே!

பயணம் போகும் முன்

உங்களில் பலர் தமிழ்நாட்டுக்குக் கோயில் யாத்திரை போகிறீர்கள். குலதெய்வக் கோயில் வாசலில் துளசிக் கன்று விற்பார்கள். சித்தி வீட்டில் மல்லிகைப் பதியன் கொடுப்பார். முருங்கைப் போத்து, வெற்றிலைக் கொடி, கத்தரி விதை என்று பாசத்தோடு பையில் திணிப்பார்கள். வாங்கிக்கொள்ளாவிட்டால் மனம் வருந்துவார்களே என்று நாமும் துணிக்கு நடுவே சுருட்டி வைப்போம். சிப்பாங் விமான நிலையத்தில் பையைத் திறந்தால் அந்தப் பாசத்துக்கு விலை சொல்ல முடியாது.

ஆகவே சில வார்த்தைகள்.

விதை, கன்று, போத்து, வேர், மண் எதுவாக இருந்தாலும் முதலில் அனுமதி, பிறகு வாங்குவது. விவசாயத் துறை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். வேப்பிலையும் வில்வமும் பூசைக்கு என்று சொன்னாலும் சட்டத்துக்கு அது இலைதான்.

சிங்கப்பூர் உறவினர் வீட்டுக்குக் கொஞ்சம் கீரை கொண்டுபோவது வேறு. பத்துக் கட்டு கொண்டுபோய்ப் பக்கத்து வீடுகளுக்கு விற்பது வேறு. விற்பனை என்று வந்தால் உரிமம் வேண்டும். வேரோடு தொட்டிச் செடி என்றால் சட்டமும் வேறு, அலுவலகமும் வேறு.

ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ போகிறவர்கள் விமானத்தில் கொடுக்கும் அட்டையைப் பிள்ளைகளிடம் படிக்கச் சொல்லிக் கவனமாக நிரப்புங்கள். ‘செடிப்பொருள் இருக்கிறதா?’ என்ற இடத்தில் சந்தேகம் வந்தால் ‘ஆம்’ என்றே குறியுங்கள். உள்ளதைச் சொன்னவருக்குப் பொருள்தான் போகும். மறைத்தவருக்குப் பணமும் மானமும் சேர்ந்து போகும்.

மகளுக்குக் கறிவேப்பிலை மணம் வேண்டுமென்றால், கடையில் மூடி முத்திரையிட்ட காய்ந்த பொடியை வாங்கி, அந்த நாட்டு விதியைக் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.

தோட்டத்திலும் இதே கவனம் தேவை. வேறு மாநிலத்திலிருந்து ரப்பர்க் கன்றோ, வாழைக் கன்றோ கொண்டுவந்தால் உரிமம் பெற்ற நாற்றுப்பண்ணையில் வாங்குங்கள். உங்கள் மரத்தில் இதுவரை பார்க்காத விதமாகத் தளிர் கருகி உதிர்ந்தால், இலையைப் பறித்துக்கொண்டு ஊர் ஊராகக் காட்டித் திரியாதீர்கள். இருந்த இடத்திலேயே படம் பிடித்து, அதிகாரியை வரச் சொல்லி, அந்த மரத்தடியிலேயே காட்டுங்கள்.